உப்பேறிய தாளும் தவறிய ரயிலும்

அன்பு மகள் பெரியவளுக்கு,

அம்மா சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம், காற்றுக்குத்தான் உடம்பு சரியில்லை, அங்கே உன் நலமும் உன் கோபத்தின் நலமும் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று பயந்துவிடாதே, என் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது, ஆகையால் உன் தங்கை வாலுதான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். (அக்கா, நான்தான். அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு, கண்ணாடி போடாத அம்மாவுக்கு என் எழுத்து எறும்பு ஊர்வலம், அதனால் தைரியமாக எழுதுகிறேன். கை கட்டில் இருக்கிறது, அம்மா கட்டிலில் இல்லை. படுத்துக்கொள் என்று டாக்டர் சொன்னதற்கு, கைதானே ஒடிஞ்சது, காலா ஒடிஞ்சதுன்னு கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.)

ஒன்பது நாளாக நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம். போன வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணி ரயிலுக்கு எனக்கு ஒன்றும் வாலுவுக்கு ஒன்றுமாக டிக்கெட் எடுத்து அனுப்பினாய், குளிர் முடியும்வரை கடல்காற்றில் வந்து இருங்கள் என்று மெத்தை தலையணை எல்லாம் வாங்கிப் போட்டாய், மறுநாள் விடியற்காலையில் ஸ்டேஷனில் வந்து நின்றும் இருக்கிறாய். ரயில் வந்தது, நாங்கள் வரவில்லை. போனில் நீ கேட்டபோது வேலை இருந்தது என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன், அந்தக் கறுப்புத் தாளைவிட நான் உனக்கு முக்கியமில்லையாம்மா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். வரவில்லை என்று முந்தின நாளே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன், அந்தப் பயம்தான். வராததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஏன் என்று முழுவதும் படி, படித்த பிறகு வேண்டுமானால் இன்னொரு ஒன்பது நாள் கோபமாக இரு.

இந்த வருஷம் குளிர் வந்ததிலிருந்து காற்று ஒரு அடி நகரவில்லை. நம் ஊர்தான் உனக்குத் தெரியுமே, சப்பாத்திப் பலகை மாதிரி தட்டை, மலையும் இல்லை கடலும் இல்லை, ஆலை உலைகளின் புகை நேராக மேலே போய் ஒரு உயரத்தில் முட்டிக்கொண்டு மூடி போட்ட மாதிரி படுத்துவிடுகிறது. நண்பகலில் தெருவிளக்கு எரிகிறது. ஜன்னல் விளிம்பில் போட்ட ஈரத்துணியைக் காலையில் பிழிந்தால் கறுப்புத் தண்ணீர் சொட்டுகிறது, வாலுவின் பள்ளிச்சட்டையை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டும் சாம்பல் நிறம். (வெள்ளைச் சட்டை போடாமல் வந்ததற்காக டீச்சர் என்னை வெளியே நிற்கவைத்தார். வெளியே நின்றால் இன்னும் கறுக்கும் டீச்சர் என்றேன். உள்ளே விட்டுவிட்டார். இதுதான் அக்கா என் வாழ்க்கையில் நான் ஜெயித்த முதல் வழக்கு.)

என் வேலை என்ன என்று நீ முழுசாகக் கேட்டதே இல்லை. படி ஏறினால் உனக்கு மூச்சு வாங்கும் என்று அந்த மாடிக்கு உன்னை நான் ஒருநாளும் கூட்டிப்போனதும் இல்லை. ஆபீஸ் மொட்டைமாடியில் ஒரு தகரப்பெட்டி, அதற்குள் மோட்டார், அதன் தலையில் அப்பளம் அளவுக்கு ஒரு வெள்ளை பில்டர் தாள். மோட்டார் ஊரின் காற்றை உறிஞ்சும், தூசி தாளில் தங்கும். தினமும் காலை எட்டு மணிக்கு இடுக்கியால் பழைய தாளை எடுத்து உறையில் போட்டு, எடை பார்த்த புதுத் தாளை வைத்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். எடுத்த தாளை ஈரம் போகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மாலையில் தராசு எடை போடுவார். தராசு என்றால் ஆளும் அதுதான், எடை போடும் வேலையிலேயே இருபது வருஷம், வார்த்தையைக்கூட நிறுத்துத்தான் பேசுவார். ஏறின எடையிலிருந்து ஒரு எண் வரும், அதுதான் நாற்சந்தியில் பெரிய பலகையில் ஓடுகிறது. உனக்குப் பதினான்கு வயதில் ஒருநாள் நீ என் மடியில் மூச்சுக்குத் தவித்தாய், ஆட்டோவில் உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்தப் பலகை எழுபது என்று காட்டியது, எழுபது என்றால் சுத்தமான காற்று என்று கீழே பச்சை எழுத்தில் போட்டிருந்தது. நீ பொய் சொல்கிறாயா பலகை பொய் சொல்கிறதா என்று அன்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. அந்தக் கேள்விக்காகத்தான் அந்த வேலைக்கு மனுப் போட்டேன். கறுப்புத் தாளா நீயா என்று கேட்டாயே, அந்தத் தாளை முதன்முதலில் என் கையில் கொடுத்ததே நீதான்.

இந்த வருஷம் புது விதி ஒன்று வந்திருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து எண் முந்நூறைத் தாண்டினால் ஊரில் எல்லா உலையும் ஒரு வாரம் நிறுத்தவேண்டும். உலைக்காரர்கள் இதைக் கேட்டுத் தும்மினார்கள், அவர்கள் தும்மினால் எங்கள் ஆபீஸ் பெரிய சாருக்கும் மூக்கு ஒழுகும், ஒரே மூக்கு மாதிரிதான். ஞாயிறு தாள் முந்நூற்று முப்பது. திங்கள் தாள் தராசுக்குப் போகும் முன்பே தெரிந்தது, அடுப்புக்கரி நிறம். செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் தாளை வைத்துவிட்டுக் கீழே இறங்குகிறேன், மாடியைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு ஒரு லாரி நிற்கிறது, தண்ணீரைப் புகை மாதிரி பீய்ச்சும் லாரி, ஊரில் எல்லோரும் பீரங்கி என்கிறார்களே அது. மிஷின் பக்கமாக அடித்தால் தூசி அடங்கி எண் இறங்கும், அவ்வளவுதான் கணக்கு. (எண்ணுக்கே தண்ணி காட்டப் பார்த்தார்கள் அக்கா.) மிஷினைச் சுற்றித் தண்ணீர் அடிக்கக்கூடாது என்று விதி இருக்கே சார் என்றேன். ஊருக்கே அடிக்கிறோம், உங்க மிஷினும் ஊர்லதானேம்மா இருக்கு என்றார் பெரிய சார். அப்புறம் குரலை இறக்கி, இதைப் பத்தி வெளியில மூச்சு விடக்கூடாது என்றார். சார், ஊர் மூச்சு விடணும்னுதானே நமக்குச் சம்பளம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பீரங்கி இருட்டும்வரை நிறுத்தவே இல்லை. மதியம் மோட்டார் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஏறினேன், இறங்கும்போது இரும்பு ஏணி முழுக்க ஈரம், கால் வழுக்கியது, கையை ஊன்றினேன், சத்தம் எனக்கே கேட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, நீ பதறாதே, ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்துவிடுவார்கள். புதன்கிழமை காலை இடது கையால் இடுக்கியைப் பிடித்துத் தாளை எடுத்தேன், வாலு உறையைத் திறந்து பிடித்தாள். தாளைப் பார்த்தால் கறுப்புக்கு மேலே வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது, தொட்டால் பொருபொருவென்று இருக்கிறது. மாலையில் தராசு எடை போட்டார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டார், ஐந்நூற்று முப்பது. இந்தக் குளிருக்கே அதிகமான எண். எண் இறங்க அடித்த தண்ணீரில் எண் ஏறிவிட்டது.

எப்படி என்று லாரி ஓட்டுபவரிடம் கேட்டேன், அவர் பாவம், சொன்னதைச் செய்கிறவர். காலையில நல்ல தண்ணிதாம்மா ரொப்பினேன், ஒரு மணி நேரத்துல தீந்துபோச்சு, நிறுத்தாதேன்னு சார் போன்ல கத்துறாரு, பக்கத்துலயே நம்ம ஆபீஸ் போர் இருந்துச்சு, அதுலேயே மாத்தி மாத்தி ரொப்பிட்டேன் என்றார். அந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எப்பேர்ப்பட்டது என்றால் ஆபீஸ் டீக் கெண்டி ஒரு மாதத்தில் உள்ளே சுண்ணாம்பு அடித்தது போல ஆகிவிடும், குழாய் வாயில் உப்பு முளைக்கும். அதைப் பொடித்துளியாக அடித்தால் தரைக்கு வரும்முன்பே தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு மட்டும் காற்றில் நிற்கும், மோட்டார் அதை இழுத்துத் தாளில் ஒட்டிவிட்டது. (உப்புப் பெறாத விஷயம் என்று சொல்வார்களே, இது உப்புப் பெற்ற விஷயம். தராசு இருபது வருஷத்தில் முதல்முறையாகச் சிரித்தாராம். நான் ஆபீஸ் வராந்தாவில் ஒரு சுற்று ஆடினேன். மூன்று நாள் முடிந்தது, உலை அணையும், அவர்கள் காசில் அவர்களே வைத்துக்கொண்ட சூனியம்.)

வாலு ஆடினது எனக்கும் தெரியும். ஆனால் நான் பதிவேட்டை எடுத்து, குறிப்பு என்ற கட்டத்தில், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறரை வரை மிஷினுக்கு அருகே லாரியிலிருந்து போர் தண்ணீர் பீய்ச்சப்பட்டது, தாளில் உப்பு படிந்துள்ளது என்று வாலுவை எழுதச் சொல்லி, கீழே இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டேன். வாலு என்னோடு சண்டைக்கு வந்துவிட்டாள், உனக்குப் பைத்தியமாம்மா, தானா மடியில விழுந்ததைத் தூக்கிப் போடறியே என்று. அது நம்ம ஊர் தூசி இல்லடி, போர் உப்பு, நாம உப்பைக் காட்டி உலையை அணைச்சா நாளைக்கு அவங்க தண்ணியைக் காட்டிப் பத்தவைப்பாங்க, அப்ப நான் எந்த வாயால கேட்கறது என்றேன். (இந்த இடத்தில் நான் ஒரு பதில் சொன்னேன், அது அவ்வளவு நன்றாக இல்லை, விட்டுவிடுகிறேன்.)

அரை மணியில் பெரிய சார் வந்துவிட்டார், கட்டு போட்ட கையைப் பார்த்து நாற்காலி எல்லாம் இழுத்துப் போட்டார். அவருக்கு இரண்டு பக்கமும் இடி. எண் நின்றால் உலை நிற்கும். எண் செல்லாது என்றால் ஏன் செல்லாது என்று மேலே எழுதவேண்டும், எழுதினால் லாரியை யார் அனுப்பினார்கள் என்ற கேள்வி வரும். அதனால் அந்தக் குறிப்பை அடித்துவிட்டு, கரண்ட் போய் மோட்டார் நின்றுவிட்டது என்று எழுதிக்கொடுங்கள் என்றார். கரண்ட் போகவில்லையே சார் என்றேன். போனதா நினைச்சுக்கோங்களேன் என்றார். நினைக்கறதை எழுதறதுக்குப் பதிவேடு எதுக்கு சார், அதுக்குக் கதைப் புத்தகம் இருக்கே என்றேன். (வடிகட்டின பொய்யை பில்டர் தாளிடமே கேட்கிறார் பார் அக்கா.) பக்கத்தில் நின்ற தராசு, அப்போதுதான் வாயைத் திறந்து, தாள் கெட்டதுன்னு எழுதின மறுநாள் திரும்ப எடுக்கணும், அந்த எண்தான் மூணாவது நாளாச் சேரும், விதி அதுதான் என்று மூன்று வரி பேசினார், அவருக்கு அது ஒரு மாதத்துப் பேச்சு.

மறுநாள்தான் வியாழக்கிழமை. அதாவது உன் ரயில்.

பெரிய சார் முகம் உடனே மலர்ந்தது பார், நீங்க நாளைக்குத்தானே பொண்ணைப் பார்க்கப் போறீங்க, லீவு நான் அப்பவே போட்டுட்டேன், ஸ்டேஷனுக்கு ஆபீஸ் ஜீப்பையே அனுப்பறேன், கை வலியோட ஆட்டோவில போகாதீங்க, தாளை நம்ம ஸ்டோர்காரர் மாத்திக்குவார் என்றார். ஸ்டோர்காரர் நல்ல மனுஷர்தான், எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிற நல்ல மனுஷர். அன்று வீட்டுக்கு வந்து பெட்டியைப் பூட்டினேன், மறுபடி திறந்தேன், மறுபடி பூட்டினேன். உனக்கு என்று பின்னி வைத்திருந்த கம்பளித் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் போனால் நாளைக்கு அந்த எண் என்னவாக இருக்கும் என்று எனக்கு இன்றைக்கே தெரியும், எழுபது. அவ்வளவுதான், பெட்டியிலிருந்து துணியை எல்லாம் எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

வியாழன் காலை எட்டு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு போர்வை, முகத்துக்கு மாஸ்க், பக்கத்தில் வாலு, இவ்வளவுதான் எங்கள் படை. புதுத் தாளை வைத்துவிட்டு மிஷினுக்கு இரண்டு கை தூரம் தள்ளி உட்கார்ந்துவிட்டேன். பெரிய சார் கீழே நின்றுகொண்டு, நீங்க லீவுல இருக்கீங்கம்மா என்றார். லீவுலதான் சார் இருக்கேன், லீவுல உக்காரக்கூடாதுன்னு விதி இருக்கா என்றேன். பீரங்கி வந்தது, லாரி ஓட்டுபவர் தலையை நீட்டி மேலே பார்த்தார், நான் மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினேன், அவர் என்ஜினை அணைத்துவிட்டு, டீசல் இல்லை சார் என்றார். (டேங்கு முழுக்க டீசல் இருந்தது. முள் எங்கே நிற்கிறது என்று நான் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அந்த அண்ணனுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தேன்.) பத்து மணிக்கு ரயில் கூவினது மாடிக்குக் கேட்டது. நானும் வாலுவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் அப்பா உலையிலிருந்து நேராக வந்தார், கையில் சாப்பாட்டு டப்பா. ஏணி ஏறி வந்தவரைக் கிட்டே வராதீங்க, உங்க சட்டையில இருக்கற கரியையும் சேர்த்து எடை போட்டுடும் என்று மூலைக்கு அனுப்பினேன். முப்பது வருஷமா உலைக்கு முன்னாடி நிக்கறேன், அதை அணைக்க என் வீட்டுக்காரியே மாடி ஏறிட்டா என்றார். அணைந்தால் அவருக்கு ஒரு வாரம் சம்பளம் கிடையாது, அது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். சட்டையைக் கழற்றிச் சுருட்டி ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டு, என் போர்வையை வாங்கிப் போர்த்திக்கொண்டு, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க, காலையில எட்டு மணிவரைக்கும் இவனை நான் பார்த்துக்கறேன் என்று மிஷினைக் காட்டிச் சொன்னார். உன் அப்பாவைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் சொல், அந்த இரவு முழுவதும் தன் அடுப்பை அணைக்கப்போகிற பெட்டிக்குக் காவல் இருந்தது அந்த மனுஷன்தான்.

வெள்ளிக்கிழமை மாலை தராசு மூன்று தடவை எடை போட்டார். முந்நூற்று நாற்பத்தேழு. உப்பு இல்லை, தண்ணீர் இல்லை, எல்லாம் ஊர்ச்சரக்கு. சனிக்கிழமை உத்தரவு வந்தது, ஞாயிறு காலையிலிருந்து ஒரு வாரமாக ஊரில் ஒரு புகைக்கூண்டும் புகையவில்லை. (பெரிய சார் மட்டும் புகைந்துகொண்டிருக்கிறார்.) எனக்கு ஒரு மெமோ வந்திருக்கிறது, விடுப்பில் இருந்த நீங்கள் அனுமதியின்றி அலுவலக மாடியில் நாள் முழுவதும் இருந்தது ஏன், விளக்கம் தரவும் என்று. காற்று வாங்க என்று எழுதும்மா என்றாள் வாலு. யோசித்துப் பார்த்தேன், உண்மையும் அதுதானே, அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும், பதிவேட்டில் என் கையெழுத்துப் போகாது. அப்பா வீட்டில் இருக்கிறார், குழாய் ரிப்பேர் பண்ணுகிறேன் என்று சமையலறையில் குளம் வெட்டியிருக்கிறார், நீயும் வாலுவும் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பகல் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பண்டிகை நாளில் மட்டும்தான் பார்த்திருப்பீர்கள், இப்போது வாலுவுக்கு அலுத்தே போய்விட்டது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டிருக்கிறார்கள், வெளியே, வெள்ளைத்துணி.

இப்போது உனக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உலை நின்ற முதல் நாள் தாள் இருநூற்று அறுபத்தெட்டு. அப்புறம் இருநூறுக்குக் கீழே, அப்புறம் நூற்று நாற்பத்து மூன்று, நேற்று நூற்று இருபத்திரண்டு. உன் நெஞ்சு டாக்டர் சொன்ன எண் நூறு, அதற்குக் கீழே இருந்தால்தான் நீ குளிர்காலத்தில் இந்த ஊருக்கு வரலாம் என்றார், நாலு வருஷமாக நீ வரவில்லை. இன்று மாலை தராசுக்குப் பக்கத்திலேயே நின்றேன். நூற்றுப் பதினொன்று. தராசு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பொண்ணுகிட்ட தொண்ணூத்தெட்டுன்னு சொல்லுங்களேன், புள்ளை வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும், பலகையில நான் மாத்தலையே என்றார். நல்ல மனசில்தான் சொன்னார். எனக்கும் ஒரு நிமிஷம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எண்ணை நான் குறைத்துச் சொல்லலாம், உன் நெஞ்சுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதனால் சொல்கிறேன், வராதே. நூற்றுப் பதினொன்றுக்கு நீ வரவேண்டாம்.

(அம்மா இந்த இடத்தில் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள். நான் அடுத்த தாளை எடுத்துவைத்தேன்.)

நாளைக் காலை எட்டு மணிக்கு உலைகளைப் பற்றவைப்பார்கள், அப்பாவும் போவார். அதே எட்டு மணிக்கு நான் மாடியில் வெள்ளைத் தாள் வைப்பேன். அவர்கள் போட்ட கோடு முந்நூறு. என் கோடு நூறு. அதற்குக் கீழே ஒரு எண் என் கையெழுத்தோடு வருகிற அன்று, உனக்கு நான் எடுத்து அனுப்புவேன் டிக்கெட்.

அதுவரை நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, நினைத்த இடத்துக்கெல்லாம் படி ஏறி, ஒரு குறையும் இல்லாமல் நீ இருக்கவேண்டும். இன்ஹேலரைக் கைப்பையில் வை, அலமாரியில் வைத்தால் அது அலமாரிக்குத்தான் உதவும். கம்பளித் தொப்பியைத் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். போனை எடு.

இப்படிக்கு,
மாடியை விட்டு இறங்காத
உன் அம்மா